பன்ஜாங்கின் முதல் வருஷம்

1

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சமோனிம். அவருடைய தங்கை. என் மனைவி வசந்தா. மகள் தாரணி. நான். சுவரோரம் மேசைமேல், படச் சட்டத்துக்குள், பன்ஜாங்.

பன்ஜாங் என்பது அவருடைய பேர் இல்லை. கொரியாக்காரர்கள் வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சமோனிம் என்பதும் பேர் இல்லை. பெரியவர் வீட்டு அம்மாவை மரியாதையாகச் சொல்வது. இரண்டு பேருடைய சொந்தப் பேரும் எனக்குத் தெரியும். வாயில் வராது.

பன்ஜாங் அவர் ஊரில்தான் இறந்தார். வேலை முடிந்து திரும்பிப் போனவர், நெஞ்சில் சளி என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. முதல் வருஷத் திதியைச் சிங்கப்பூரில் செய்ய வேண்டும் என்று சமோனிம் வந்திருந்தார். அவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அடுத்த வருஷம் கூட்டிப் போகிறேன், அடுத்த வருஷம் கூட்டிப் போகிறேன் என்று பன்ஜாங் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மனுஷன் பாதி வாழ்க்கையை இருந்துவிட்டு வந்த இடத்தை நான் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஓட்டல் எடுத்துக் கொடுத்தேன். நான் இப்போது அங்கே தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் சரக்கு இறக்குகிறேன். பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஓட்டல் அறையில் ஊதுபத்தி கொளுத்தக் கூடாதாம். கூரையில் புகை பட்டால் மணி அடிக்குமாம். அதனால் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. பழைய பிளாக். மூன்றறை வீடு. மேசையைச் சுவரோரம் தள்ளினால் ஐந்து பேர் உட்கார இடம் வரும்.

2

நான் ஆறாவது வரை படித்தவன். எழுதுவது எனக்குப் பழக்கம் இல்லை. ஊரில் இருக்கிறவர்கள், அங்கே கொரியாக்காரன் வீட்டுத் திதியை உன் வீட்டில் செய்தாயாமே என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பன்ஜாங்கைப் பார்த்தது பூமிக்குக் கீழே. ரயில் போவதற்குச் சுரங்கம் தோண்டிய வேலை. கீழே இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் பேச்சுகூடக் கேட்காது. அவர் கத்துவார். தூக்கு. இறக்கு. நிறுத்து. வா. போ. மடையா. நான் முதலில் படித்த கொரிய மொழி இவ்வளவுதான்.

எழுத்தையும் அவரிடம்தான் படித்தேன். ஆசையால் இல்லை. சாமான் பெட்டிகள்மேல் என்ன இருக்கிறது என்று அவர் கொரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார். அவர் ஒன்றைக் கேட்டால் நான் வேறொன்றை எடுத்து வருவேன். திட்டு விழும். ஒரு நாள் தேநீர் நேரத்தில் சாக்குக்கட்டியை எடுத்து, சுரங்கத்தின் கான்கிரீட்டில் எழுதிக் காட்டினார். கோடு, வட்டம், மூலை. அவ்வளவுதான் எழுத்து. அடுத்த வாரம் நான் சரியான பெட்டியை எடுத்து வந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கூட வேலை பார்த்த நம் ஆட்கள் சும்மா விடுவார்களா. கொரியாக்காரன் மச்சான் வருகிறான், வழி விடுங்கடா என்பார்கள். பொண்ணு எப்போ பார்க்கப் போறே என்பார்கள். எனக்கு அப்போதே கல்யாணம் ஆகி வசந்தா ஊரில் இருந்தாள். அவர்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

அந்த நாளில் எங்களுக்குப் பொட்டலச் சோறு வரும். விடியுமுன் சமைத்துக் கட்டுவார்கள். மத்தியானம் பிரித்தால் புளித்த வாடை அடிக்கும். நான் ஒரு நாள் கொட்டுவதைப் பன்ஜாங் பார்த்தார். மறுநாள் அவருடைய சாப்பாட்டில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிடு என்றார். அதுவும் கட்டளைதான். அதற்குப் பிறகு தினமும் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவரைத் தேக்காவுக்குக் கூட்டிப் போவேன். இலைச் சாப்பாடு. முதலில் கரண்டி கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கையால் சாப்பிடப் பழகினார். ரசத்தை மட்டும் பிடிக்கவே முடியவில்லை. முழங்கை வரை ஓடும். கடைப் பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு எனக்கு இங்கேயே தங்க அனுமதி கிடைத்து வசந்தா வந்ததும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு மாறியது.

3

ஒரு முறை அவர் விடுப்பில் போகும்போது என்னையும் கூட்டிப் போனார்.

என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு. கொரியாவுக்கு விசா வாங்க வேண்டும். வேலைக் கடிதம், வங்கிக் காகிதம், பன்ஜாங் வீட்டிலிருந்து அழைப்புக் கடிதம், எல்லாம் கொண்டு போனேன். முகப்பில் இருந்த பெண் எதற்குப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பார்க்க என்றேன். எதைப் பார்க்க என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டை என்றேன். யார் வீட்டை என்றாள். மேஸ்திரி வீட்டை. அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முத்திரை வைத்தாள்.

தெற்கே ஒரு துறைமுக ஊர். குளிர் எலும்பைப் பிடித்தது. ஆனால் வீட்டுக்குள் தரை சுடும். அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதாம். பாய் போட்டு அந்தத் தரையில் படுத்தேன். என் ஆயுசில் அப்படித் தூங்கியதில்லை.

பன்ஜாங் என்னைத் தெருவெல்லாம் கூட்டிப் போனார். மீன் கடை, முடி வெட்டுகிற கடை, அவருடைய சிநேகிதர்கள் உட்காருகிற மதுக்கடை. எங்கே போனாலும் ஒன்றுதான் சொன்னார். இது என் தம்பி.

அங்கே ஒரு நாள் சாப்பிடும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் சமோனிமிடம் கேட்டேன். சோறு, கொண்டுவா, சீக்கிரம் என்றேன். வீடே நின்றுபோனது. பன்ஜாங் காது சிவந்துவிட்டது. சமோனிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் ஆனது. இவர் வேலை செய்கிற இடத்தில் எப்படிப் பேசுகிறார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது என்றார். பன்ஜாங் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

வரும்போது சில சாமான் கொண்டுவந்தேன். உலோகக் கரண்டியும் அவர்கள் சாப்பிடுகிற குச்சிகளும். வசந்தாவுக்கென்று சமோனிம் கொடுத்த ஜோடி மர வாத்து. துறைமுகத்தில் பொறுக்கிய கறுப்புக் கல். கண்ணாடி அலமாரியில், தாரணியின் பள்ளிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வசந்தா வெள்ளிக்கிழமை முருகன் படத்தைத் துடைக்கும்போது அவற்றையும் துடைப்பாள். கேட்டால், தூசி அடையுது, அதான் என்பாள்.

4

தாரணி இங்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் பரீட்சைக்கு மட்டும்தான். நான் தமிழில் கேட்பேன். ஆங்கிலத்தில் பதில் வரும். ஊரில் அப்பா போனில் பேசினால் காதில் வைத்துக்கொண்டு ம், ம் என்பாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, தாத்தா பேசறது புரியல என்பாள். அப்பா அந்தப் பக்கத்தில் புள்ள என்னடா சொல்லுது என்பார். நல்லா இருக்கீங்களான்னு கேக்குதுப்பா என்பேன்.

அவளாகப் போய் ஒரு மொழி படித்தாள் என்றால் கொரிய மொழிதான். பாட்டுக் கேட்டு, நாடகம் பார்த்து, பிறகு சமூக மன்றத்தில் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து ஒரு வார்த்தையைத் திருத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க கேங்ஸ்டர் மாதிரி பேசறீங்க லா."

அதற்குப் பிறகு அவள் எனக்கு மரியாதையாகப் பேசச் சொல்லிக்கொடுத்தாள். நான் அவளுக்கு ஸ்பேனர், கப்பி, கம்பிவடம் எல்லாவற்றுக்கும் கொரிய வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அது எதற்கும் உதவாது. கேட்டுக்கொண்டாள். வேறு எந்தப் பேச்சும் எங்களுக்குள் அவ்வளவு நேரம் நடந்ததில்லை.

பன்ஜாங் போன செய்தி என் போனுக்குத்தான் வந்தது. சமோனிம் அனுப்பியது. எழுத்து தெரிந்தது. பொருள் தெரியவில்லை. மரியாதையான பெரிய மொழியில் எழுதியிருந்தார். சுரங்கத்தில் அந்த வார்த்தைகள் இல்லை. தாரணியிடம் நீட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தமிழைத் தேடினாள்.

"அப்பா... பன்ஜாங் அங்கிள் இல்லப்பா."

5

விசேஷத்துக்கு முதல் நாள் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். சமோனிம், தங்கை, தாரணி, நான். பேரிக்காய் வாங்கியாயிற்று. சீமைப் பனிச்சைப் பழம், பேரீச்சை எல்லாம் வாங்கியாயிற்று. கருவாடு மாதிரி காய்ந்த மீனை அவரே ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

அப்போதுதான் சமோனிம் கேட்டார். படையல் முன்னால் மண்டியிட்டு, இறந்தவருக்கு மது ஊற்றி வைக்க வேண்டும். மகன் செய்ய வேண்டியது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வேலையை விட்டு வர முடியவில்லை. போனில் முகம் காட்டுகிறேன், மேசையில் வையுங்கள் என்றானாம். சமோனிம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நீங்கள் ஊற்றுங்கள். தம்பி என்றுதான் அவர் கடைசி வரை சொன்னார்."

தாரணி தமிழில் சொல்லுமுன் எனக்குப் புரிந்துவிட்டது. தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். அவள் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். கையை நீரிலிருந்து எடுக்கவில்லை.

"மாமா ஊர்ல உசுரோட இருக்காரு. நீங்க இங்க யாருக்கு ஊத்தப் போறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா உயிரோடு இருக்கிற பிள்ளை எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கூடாது என்றால் கூடாது. செய்தால் அப்பாவைக் காடு அழைக்கிறது என்பார்கள். இது எள் இல்லை, இது வேறு நாட்டு வழக்கம் என்றேன். செத்தவருக்கு ஊத்தறது எந்த ஊர்ல ஊத்தினா என்ன என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

சமோனிமிடம் முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தெருவெல்லாம் தம்பி என்று சொன்னவர். சொன்னது பேச்சுக்குத்தான் என்று ஆகிவிடும். அதுவும் அவர் இல்லாதபோது.

அப்பாவுக்கே போன் போட்டேன். அண்ணன் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். முதலில் மழை உண்டா என்று கேட்டார். பிறகு வெங்காயம் அங்கே என்ன விலை என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். பன்ஜாங்கை அவருக்குத் தெரியும். ஒரு முறை போனில் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

போனைக் கிட்டே கொண்டுவா என்று அண்ணனிடம் சொன்னார்.

"நான் இன்னும் சாகலடா. உங்கம்மாவுக்கே நீ போன்லதான் வந்த. எனக்காவது நேர்ல வருவியான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள ஊரான் வீட்ல பழகிக்கிறியா?"

அண்ணன் போனை வாங்கி, அப்பா ஏதோ கோபத்தில் சொல்கிறார், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். பின்னால் அப்பா குரல் கேட்டது. கோவம் இல்லடா, நெசம் என்றார்.

நிஜம்தான். அம்மா போனபோது உலகமே மூடிக் கிடந்தது. விமானம் இல்லை. அண்ணன் கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தேன். படம் நடுவில் நின்று நின்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூட உள்ளே வரக் கூடாத காலம் அது. பன்ஜாங் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். மேலே ஏறவில்லை. கீழே படிக்கட்டு ஓரத்தில் ஒரு பை பேரிக்காயை வைத்துவிட்டு, தள்ளிப் போய்ப் புல்லில் நின்றார். நான் மாடி நடையிலிருந்து பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து நின்றார். நானும் நின்றேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பிறகு போய்விட்டார்.



6

மறுநாள் சமோனிமும் தங்கையும் மத்தியானமே வந்து சமைக்க ஆரம்பித்தார்கள். வசந்தாவும் கூட நின்றாள். சிங்கப்பூரில் அவர் என்ன சாப்பிட்டாரோ அதுவும் வைக்க வேண்டும் என்று சமோனிம் கேட்டிருந்தார். ஆனால் படையலில் சிவப்பான மசாலா ஆகாது, அதனால் மிளகாய் கூடாது. பூண்டும் கூடாது. பூண்டு நமக்கும்தான் ஆகாது என்றாள் வசந்தா. மிளகாய்தான் அவளுக்கு இடித்தது.

"காரம் இல்லாத பருப்ப அவர் எப்படித் திம்பாரு? மிளகு போடலாமான்னு கேளுடி."

தாரணி கேட்டாள். சமோனிம் யோசித்துவிட்டு, மிளகு சிவப்பு இல்லையே என்றார். மிளகு போட்டார்கள். வடை, பருப்பு, பாயசம். அவர் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் உடம்பு இளைக்காமல்தான் வந்தார், இந்தக் கையால் தின்றதுதான் போலிருக்கிறது என்று சமோனிம் வசந்தாவின் கையைப் பிடித்துச் சொன்னார். வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு வடையைப் போட்டாள்.

நான் எப்போது சொல்வது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். பழத்தைத் துடைத்தேன். மேசையை நகர்த்தினேன். நான் சொல்லட்டுமா என்று தாரணி கேட்டாள். வேண்டாம் என்றேன். இது ஆள் வைத்துச் சொல்கிற விஷயம் இல்லை.

படம் வைத்தார்கள். சோறு, சூப், மீன், பழம், பலகாரம். சோற்றின் நடுவில் கரண்டியை நிமிர்த்திக் குத்தினார்கள். வாசல் கதவைத் திறந்து வைத்தார்கள். வருகிறவர் வர வேண்டும் அல்லவா. மாடி நடையில் போன பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் எட்டிப் பார்த்து, ஊதுபத்தியைப் பார்த்து, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்.

சமோனிம் குடுவையை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. தாரணி சொல்லிக்கொடுத்த மரியாதை மொழியில் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அந்த நேரத்தில் எல்லாம் போய்விட்டது. சுரங்கத்து மொழிதான் வந்தது.

"என் அப்பா இருக்கிறார். ஊரில். அப்பா இருந்தால் மகன் ஊற்றக் கூடாது. நான் அவர் தம்பிதான். ஆனால் ஊற்ற முடியாது."

தங்கை தரையைப் பார்த்தார். சமோனிம் குடுவையோடு நின்றார். அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். எண்பத்து மூன்று என்றேன். பல் இருக்கிறதா என்றார். கொஞ்சம் இருக்கிறது என்றேன். கோபப்படுவாரா என்றார். நேற்றுக்கூடப் பட்டார் என்றேன். சமோனிம் தலையாட்டினார். இவருக்கு அப்பா சீக்கிரம் போய்விட்டார், கோபப்பட ஆளில்லை என்று எப்போதும் சொல்வார் என்றார்.

பிறகு அவரே படத்தின் முன்னால் மண்டியிட்டார். காலிக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அவருக்கு வேண்டாம். எனக்கு ஊற்றுங்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன்."

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் மண்டியிட்டு, குடுவையை இரண்டு கையாலும் பிடித்து, சமோனிமின் கோப்பையில் ஊற்றினேன். கொஞ்சம் அவர் விரலில் சிந்தியது. அவர் கோப்பையைப் புகையின்மேல் சுற்றி, படத்தின் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு அது யாருக்கு என்பது அவர் பாடு.

அடுத்து எல்லோரும் விழுந்து கும்பிட வேண்டும். தாரணி என் காதில் சொன்னாள்.

"அப்பா, இறந்தவங்களுக்கு ஆம்பளைங்க ரெண்டு தடவை, பொம்பளைங்க நாலு. உயிரோட இருக்கவங்களுக்குத்தான் ஒண்ணு. மறந்துடாதீங்க."

வசந்தா நின்ற இடத்திலேயே கை கூப்பினாள். மற்றவர்கள் விழுந்தோம். நெற்றி தரையில் பட்டது. எங்கள் வீட்டுத் தரை சில்லென்று இருந்தது. எழுந்தேன். தாரணி பக்கத்தில் மறுபடி மடங்குவது தெரிந்தது. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சமோனிமும் பார்த்தார்.

சமோனிம் நான்கு. தங்கை நான்கு. தாரணி நான்கு. நான் ஒன்று.